கிளாசிக்கல் கிட்டார் வாங்கும்போது காதை எங்கே வைப்பது

என் இரண்டாவது கிளாசிக்கல் கிட்டாரை, அதாவது நைலான் தந்திக் கிட்டாரை, நான் பத்தே நிமிடத்தில் வாங்கினேன். கையில் எடுத்தேன், ஈ மைனர் கார்டைப் பிடித்து மேலிருந்து கீழே ஒரு இழு இழுத்தேன், அறையே அதிர்ந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டேன். தந்திகள் அன்று காலையில்தான் போட்டவை போலப் பளபளத்தன, தரையும் சுவரும் ஓசையைத் திருப்பி அடிக்கிற வெற்று அறை, கூட வந்த நண்பரும் 'ஆஹா' என்றார், வேறென்ன வேண்டும்? மூன்று வாரம் கழித்துத் தந்தியின் புதுசு போனதும்தான் அதன் சுயரூபம் தெரிந்தது. மூன்றாம் தந்தி துணி சுற்றி வைத்தது போல மங்கல் (மிக உயர்ந்த சுருதியுள்ளது முதல் தந்தி, மிகக் கீழ்ச்சுருதியுள்ளது ஆறாம் தந்தி). முதல் தந்தியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டை (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் ஒன்று) தாண்டினால் சுரம் பிறந்த உடனே செத்துவிடும். ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட் மட்டும் 'பூம்' என்று ஊதி, அடுத்த நொடியே அடங்கிவிடும். இவையெல்லாம் வாங்கிய அன்றும் இருந்தவைதான், நான்தான் தேடிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் எனக்கும் தெரிந்தவர்களுக்குமாக நிறைய நடுத்தரக் கிட்டார்களைப் பார்க்கப் போயிருக்கிறேன். இப்போதெல்லாம் ஒரு கேள்வியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போகிறேன்: இந்தக் கிட்டாரில் தெரியும் குறைகளில் எதைப் பிறகு சரிசெய்ய முடியும், எதை முடியவே முடியாது? தந்தி, சேடிலின் (உடல் பக்கம் தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டு) உயரம், நட்டில் (தலைப் பக்கம் தந்திகள் உட்காரும் துண்டு) உள்ள பள்ளம், முறுக்குச் சாவிகள் எல்லாம் மாற்றிக்கொள்ளக் கூடியவை. மேல்பலகையின் குணம், நெக், அதாவது கழுத்து, உடலோடு சேரும் கோணம், தந்திகளைக் கட்டும் மரக்கட்டையான பிரிட்ஜ் ஒட்டியிருக்கும் இடம் ஆகியவை கூடவே பிறந்தவை. கூடப் பிறந்ததைப் பார்த்து வாங்குங்கள், மாற்றக்கூடியதைக் காட்டி விலை பேசுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாச் சோதனையும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான்.

நடுத்தரம் என்று எதைச் சொல்கிறோம்

விலையை வைத்துச் சொன்னால் ஆளுக்கு ஒரு கணக்கு வரும், அதனால் செய்முறையை வைத்துச் சொல்கிறேன். அடிமட்டத்தில் மேல்பலகை, முதுகு, பக்கம் எல்லாமே ஒட்டுப்பலகை, அதாவது லேமினேட். உச்சியில் ஒரே கைவினைஞர் தன் பெயரைப் போட்டு, முழு மரத்தில் ஒவ்வொன்றாகச் செய்து தருபவை. இடையில் இருப்பவைதான் நம் ஆட்டம்: மேல்பலகை மட்டும் முழு மரமாக உள்ளவையில் தொடங்கி, முதுகும் பக்கமும்கூட முழு மரமாக உள்ள தொழிற்சாலைக் கிட்டார்கள் வரை. உதாரணத்துக்குக் கோர்டோபா நிறுவனத்தின் வரிசையை எடுத்துக்கொண்டால் சி7-இல் மேல்பலகை மட்டும் முழு மரம், சி9, சி10 இரண்டிலும் உடல் முழுவதும் முழு மரம். மற்ற நிறுவனங்களின் வரிசைகளிலும் இதே மாதிரி ஒரு படி எங்கேயாவது இருக்கும், அது எந்த மாடலில் வருகிறது என்று முதலில் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படியைத் தாண்டாமலே விலை ஏறினால், ஏறிய பணம் அலங்காரத்துக்குப் போகிறது என்று பெரும்பாலும் அர்த்தம்.

கிளம்பும் முன்

பையில் போட்டுக்கொள்ள வேண்டியவை: மில்லிமீட்டர் குறி உள்ள சின்ன எஃகு ஸ்கேல், டியூனர் ஆப் உள்ள போன் (அதன் டார்ச்சும் வேண்டும்), ஒரு துண்டுக் காகிதம். முடிந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவர். முடியாவிட்டால் பரவாயில்லை, ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி ஒரு விரலால் மீட்டத் தெரிந்தாலே முக்கால்வாசிச் சோதனையைச் செய்துவிடலாம். இடது கை நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள், நீண்ட நகத்தால் தந்தியைச் சரியாக அழுத்த முடியாமல் இரைச்சல் வந்தால் பாவம் கிட்டார்மேல் பழி விழும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான கிளாசிக்கல் கிட்டாரில் நட்டிலிருந்து சேடில் வரை தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர், நட்டின் அகலம் சுமார் 52. கை சிறியது என்றால் 640, 630 அளவுகளும் கிடைக்கும். அகலம் 48, 50 என்று குறைத்துச் செய்தவையும் உண்டு, ஸ்டீல் தந்திக் கிட்டாரிலிருந்து வருபவர்களுக்கு அவை முதலில் சுகமாக இருக்கும், ஆனால் விரல்களால் தனித்தனித் தந்தியை மீட்டிப் பழக வந்தவர்களுக்கு இடம் போதாமல் பக்கத்துத் தந்தியில் விரல் இடிக்கும். கற்றுக்கொள்ளத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 52-இலேயே இருங்கள்.

நேரம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கிட்டாருக்கு அரை மணி நேரமாவது வேண்டும்.

முதலில் கண்ணும் டார்ச்சும்

கிட்டாரின் ஓசையில் பெரும் பங்கு மேல்பலகையுடையது. இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவத்தை நிலைநிறுத்திய ஸ்பானியர் அந்தோனியோ தெ தோரஸ் 1862-இல் இதை நிரூபிப்பதற்கென்றே முதுகையும் பக்கத்தையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிட்டார் செய்தார். அது இன்னும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகில் மின்னும் ரோஸ்வுட்டைப் பார்த்து மயங்கும்போதெல்லாம் அந்த அட்டைக் கிட்டாரை நினைத்துக்கொள்வேன்.

மேல்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா என்று பார்க்க, சவுண்ட் ஹோலின், அதாவது மேல்பலகையில் உள்ள வட்டத் துளையின், விளிம்பில் டார்ச் அடித்துக் கண்ணைக் கிட்டே கொண்டு போங்கள். மேலே ஓடும் மர ரேகைகள் அப்படியே விளிம்பில் மடங்கி உள்ளே இறங்கினால் முழு மரம். ரேகை மேலேயே நின்றுபோய், விளிம்பில் பிஸ்கட் அடுக்கியது போலக் குறுக்கே இரண்டு மூன்று அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. சில கிட்டார்களில் விளிம்பைச் சாயம் பூசி மறைத்திருப்பார்கள், அப்போது சந்தேகப்படுங்கள். விவரத்தாளில் 'ஸ்ப்ரூஸ் டாப்' (ஸ்ப்ரூஸ் என்ற மரத்தில் செய்த மேல்பலகை) என்று மட்டும் போட்டு, முழு மரத்தைக் குறிக்கும் 'ஸாலிட்' என்ற சொல் இல்லாவிட்டாலும் அதே சந்தேகம்தான், ஏனென்றால் முழு மரம் போட்டவர்கள் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 'செலக்ட் ஸ்ப்ரூஸ்' என்பது அழகான பெயர், அவ்வளவுதான். முதுகுக்கும் இதே மாதிரி ஒரு வழி: வெளியே கண்ணில் படும் ஒரு ரேகையையோ சுழியையோ குறித்துக்கொண்டு, துளை வழியாக உள்ளே அதே இடத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வேறு மரம் போலத் தெரிந்தால் ஒட்டு.

பக்கப் பலகை ஒட்டாக இருப்பதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கைவினைஞர்கள் சிலர் விலை உயர்ந்த கிட்டார்களிலேயே பக்கத்தை விறைப்புக்காக வேண்டுமென்று இரண்டு அடுக்காகச் செய்கிறார்கள். காற்றின் ஈரம் ஏறி இறங்குகிற இடத்தில் இருப்பவர்களுக்கு ஒட்டுப் பக்கம் விரிசல் விடாமல் நிற்கும் என்ற வசதியும் உண்டு. மேல்பலகையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் மேல்பலகைக்கு எந்த மரம், ஸ்ப்ரூஸா சீடரா என்ற பழைய சண்டை. வெளிர் மஞ்சளாக இருப்பது ஸ்ப்ரூஸ், செம்பழுப்பாக இருப்பது சீடர். சீடர் 1960-களில் கிட்டார் கைவினைஞர் மூன்றாம் ஹோசே ராமிரெஸின் மத்ரித் பட்டறை வழியாகப் பரவியது, அதற்கு முன் ஸ்ப்ரூஸ்தான் ராஜா. பொதுவாகச் சொன்னால் சீடர் முதல் நாளிலிருந்தே இதமாகவும் தாராளமாகவும் பேசும், மென்மையாக மீட்டினாலும் பதில் வரும். ஸ்ப்ரூஸ் புதிதாக இருக்கும்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், ஆனால் சுரங்கள் ஒன்றோடொன்று குழையாமல் தனித்தனியாக நிற்கும், வாசிக்க வாசிக்கத் திறக்கும். இந்த 'திறக்கும்' என்ற பேச்சை நம்பிப் பிடிக்காத கிட்டாரை வாங்கிவிடாதீர்கள் என்பது என் கட்சி. கொஞ்சம் மாறும், ஆனால் ஊமை பாடாது. சீடர் மெத்தென்ற மரம், நகம் பட்டாலே கீறல் விழும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பூச்சையும் பாருங்கள். கண்ணாடி போல் தடித்த பாலியூரித்தேன் பூச்சு மேல்பலகையின் அசைவைக் கட்டிப் போடும். மெல்லிய பூச்சில் சாய்த்துப் பார்த்தால் மரத்தின் ரேகை லேசாக மேடு பள்ளமாகத் தெரியும், நல்ல அறிகுறி.

கடைசியாகப் பிரிட்ஜ். அதன் பின்விளிம்பில் காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் பெயரத் தொடங்கிவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை லேசாக உப்பியிருப்பது சகஜம், ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 40 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன, அவ்வளவு மெல்லிய பலகை கொஞ்சம் வளையத்தான் செய்யும். முன்னால் குழிந்து பின்னால் மலை போல எழுந்திருந்தால் வேண்டாம்.

அளந்து பார்ப்பது

இதைச் சலிப்பு என்று தாண்டிவிடுகிறார்கள், விலை பேசப் பிடிமானம் கிடைப்பதே இங்கேதான்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை ஸ்கேலை வைத்து அளங்கள். ஆறாம் தந்தியில் சுமார் 4 மில்லிமீட்டர், முதல் தந்தியில் சுமார் 3 இருந்தால் வழக்கமான உயரம். இதைத்தான் ஆக்ஷன் என்பார்கள். 5 இருந்தால் கை வலிக்கும், புதிதாகப் பழகுபவர் ஒரு மாதத்தில் கிட்டாரைச் சுவரில் மாட்டிவிடுவார். சரி, சேடிலைத் தேய்த்து இறக்கிவிடலாமே? இங்கேதான் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் நட்டநடுவில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் குறைக்க சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். ஆகவே பிரிட்ஜ் மரத்துக்கு மேலே சேடில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 3, 4 மில்லிமீட்டர் வெள்ளையாகத் தெரிந்தால் தேய்க்க இடம் இருக்கிறது, உயரம் அதிகம் என்பது வெறும் மராமத்து வேலை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லலாம். சேடில் ஏற்கெனவே மரத்தோடு மரமாகப் படிந்திருந்தும் தந்தி உயரமாக இருந்தால் நெக்கின் கோணமே தப்பு. ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கிட்டாருக்குப் போய்விடுங்கள்.

ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், இடையில் ஏழாம் ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் போதும். அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. கிளாசிக்கல் கிட்டார்கள் பலவற்றில் நெக்குக்குள் திருகித் திருத்தும் இரும்புக் கம்பி கிடையாது, அதனால் இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள்.

அடுத்து சுருதி. கிட்டாரை டியூன் செய்துவிட்டு, ஒவ்வொரு தந்தியிலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து ஹார்மோனிக் எழுப்புங்கள், பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். டியூனரில் இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து சென்டுக்குள் (ஒரு ஃப்ரெட்டின் சுருதி வித்தியாசத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இருந்தால் போதும். ஒரே ஒரு தந்தி மட்டும் விலகினால் பெரும்பாலும் பழைய தந்தி. அதிலும் மூன்றாம் தந்தி தடித்த வெறும் நைலான் என்பதால் சுருதி ஏறி நிற்பது வழக்கம். ஆறும் ஒரே பக்கம் விலகினால் பிரிட்ஜை ஒட்டிய இடமே பிசகியிருக்கலாம். முதல் ஃப்ரெட்டில் மட்டும் எல்லாச் சுரமும் ஏறி ஒலித்து, மேலே போகப் போகச் சரியாகிறதா? நட்டின் பள்ளம் ஆழமில்லை, அரம் தெரிந்தவர் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுவார்.

முறுக்குச் சாவி கடினமாக இருந்தாலும், ஃப்ரெட்டின் நுனி கையைக் கீறினாலும் கவலைப்பட வேண்டாம். இவையும் மராமத்துதான்.

இனி ஓசை

முதல் வேலை, கார்டை இழுக்காதீர்கள். ஆறு தந்தியும் ஒன்றாக ஒலிக்கும்போது எந்தக் கிட்டாரும் நன்றாகத்தான் இருக்கும், கூட்டத்தில் ஒவ்வொருவரின் குரலும் மறைந்துவிடுகிற மாதிரி. தனித்தனியாகப் பேச விடுங்கள்.

தந்தி எவ்வளவு பழசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சுருதித் தந்திகள் மூன்றும் நைலான் இழைகள்மேல் உலோகம் சுற்றியவை, இரண்டு மூன்று வாரம் பல கைகள் பட்டாலே கறுத்து மங்கிவிடும். ஆகவே நான்கு, ஐந்து, ஆறாம் தந்திகள் மந்தமாக இருந்தால் உடனே கிட்டாரைக் குறை சொல்ல முடியாது. மேல்சுருதித் தந்திகள் மூன்றும் வெறும் நைலான், அவ்வளவு சீக்கிரம் கெடாது. அதனால் தந்தி பழசோ புதுசோ, முதல் மூன்று தந்திகளில் கேட்பதை அதிகம் நம்பலாம்.

இப்போது ஏறுவோம். முதல் தந்தியைத் திறந்து மீட்டி, கையை எடுத்துவிட்டு, ஓசை முற்றிலும் மறையும் வரை அசையாமல் கேளுங்கள். பிறகு முதல் ஃப்ரெட், இரண்டாம் ஃப்ரெட் என்று ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு வரை, முடிந்தால் பதினைந்து வரை, ஒரே பலத்தில், ஒரே இடத்தில் மீட்டிக்கொண்டே போங்கள். கேட்க வேண்டியது கார்வை. ஒரு சுரம் எழுந்த பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, நிற்கும்போது உடம்போடு நிற்கிறதா எலும்பாகிவிடுகிறதா. ஐந்தாம் ஃப்ரெட் வரை இந்த விலையில் எல்லாக் கிட்டாரும் பாடும். பன்னிரண்டில்தான் பிரிவினை வரும், சில அங்கேயும் மணி போல நிற்கும், பல 'டொக்' என்று கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும். நான் ஒரு கிட்டாரை இரண்டாம் முறை கையில் எடுப்பேனா மாட்டேனா என்பது இந்த ஒரு இடத்தில்தான் முடிவாகிறது. இது மேல்பலகையின் பிறவிக்குணம். எந்தத் தந்தி போட்டும் 'டொக்'கை மணியாக்க முடியாது, கொஞ்சம் மெருகேற்றலாம், அவ்வளவே.

அடுத்தது மூன்றாம் தந்தி, ஜி. நைலான் கிட்டாரில் எல்லார் வீட்டிலும் பிரச்சினைப் பிள்ளை இதுதான், தடிமன் அதிகம், இறுக்கம் குறைவு, அதனால் இயல்பிலேயே மங்கல். நல்ல கிட்டாரில் அது இரண்டாம் தந்தியின் அண்ணன் போல ஒலிக்கும், மோசமானதில் அடுத்த வீட்டுக்காரர் போல. இரண்டாம் தந்தியில் திறந்த பி-யை மீட்டுங்கள், உடனே மூன்றாம் தந்தியில் நான்காம் ஃப்ரெட்டை அழுத்தி அதே பி-யை மீட்டுங்கள். சுருதி ஒன்று, நிறம் எவ்வளவு மாறுகிறது? கொஞ்சம் மாறினால் கார்பன் என்று விற்கும் ஃப்ளோரோகார்பன் தந்தி ஒன்றை மூன்றாவதாகப் போட்டுச் சமாளிக்கலாம், அடர்த்தி அதிகமுள்ள பொருள் என்பதால் மெலிதாக இருந்தே அதே சுருதிக்கு வரும், பளிச்சென்றும் ஒலிக்கும். மாற்றம் பகலும் இரவுமாக இருந்தால் சமாளிப்பு எடுபடாது.

பிறகு ஓநாய், அதாவது ஒரு சுரத்தை மட்டும் கிட்டாரே விழுங்கிவிடும் குறை. கிட்டாரின் உடற்பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்குத் தனக்கென ஒரு சுருதி உண்டு, கிளாசிக்கல் கிட்டாரில் அது பெரும்பாலும் ஆறாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் நான்காம் ஃப்ரெட்டுக்கும் நடுவில், அதாவது எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப் பக்கம் விழும், ஏறத்தாழ 90 முதல் 105 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதியில் சரியாக ஒரு ஃப்ரெட் மாட்டிக்கொண்டால் தந்தியின் சக்தியைப் பெட்டி ஒரே மூச்சில் உறிஞ்சி ஊதித் தீர்த்துவிடும், சுரம் பெரிதாக எழுந்து சட்டென்று அடங்கும். என் இரண்டாவது கிட்டார் செய்தது இதைத்தான். எந்தக் கிட்டாரிலும் இது துளியளவு இருக்கும், இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விழுந்திருந்தால் அதிர்ஷ்டம். மேல்பலகையின் சொந்தச் சுருதியால் இன்னொரு இடமும் உண்டு, மூன்றாம் தந்தி திறந்த ஜி-யிலிருந்து இரண்டாம் ஃப்ரெட் வரை. இரண்டு இடத்திலும் பக்கத்து ஃப்ரெட்களோடு ஒப்பிட்டு மெதுவாக மீட்டிப் பாருங்கள். ஒரு சுரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பழகிக்கொள்ளலாம். முழுங்குகிற அளவுக்குப் போனால், நீங்கள் வாசிக்க நினைக்கும் பாட்டில் அந்த ஜி எத்தனை முறை வரும் என்று யோசியுங்கள்.

அடுத்து, வலது கையை நகர்த்துங்கள். ஒரே சுரத்தை சவுண்ட் ஹோலுக்கு மேலே, பிறகு பிரிட்ஜுக்கு அருகே, பிறகு விரல்பலகை பக்கமாகத் தள்ளி மீட்டுங்கள். நடுவில் உருண்டையாக, பிரிட்ஜ் பக்கம் உலோகமாகக் கூர்மையாக, விரல்பலகைப் பக்கம் தேனாக வர வேண்டும். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கிற கிட்டார் ஒரே வார்த்தையை மட்டும் கற்றுக்கொண்ட கிளி. அதேபோல மிக மெதுவாகத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தைக் கூட்டுங்கள். மலிவானவை ஒரு கட்டத்துக்கு மேல் பலத்தைக் கொடுத்தாலும் ஏறாது, இரைச்சல்தான் ஏறும். சத்தம் பெரிதா என்பதைவிட, மெல்லியதற்கும் உரத்ததற்கும் இடையே எத்தனை படி இருக்கிறது என்பதுதான் பின்னால் நீங்கள் வாசிப்பில் முன்னேறும்போது உதவும்.

இவ்வளவுக்கும் பிறகு கார்டை மீட்டலாம். அப்போதும் இழுக்காமல், விரலால் ஒவ்வொன்றாக எழுப்பி எல்லாவற்றையும் ஒலிக்க விட்டு, நடுத் தந்தி ஒன்றைக் காதால் பின்தொடர முடிகிறதா என்று பாருங்கள்.

ஓசை முன்னால் போகிறது, நீங்களோ மேலே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே கிட்டாரை வேறொருவரிடம் கொடுத்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி எதிரே நில்லுங்கள். இரண்டு மூன்று கிட்டார் தேறியிருந்தால் திரும்பி நின்றுகொண்டு, எது எது என்று சொல்லாமல் அதே எட்டு சுரங்களை மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள், எண் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கண் பார்க்காதபோது காது எவ்வளவு நேர்மையாகிவிடுகிறது என்பது ஆச்சரியம். ஒருமுறை இப்படிக் கேட்டபோது நண்பர் இரண்டு சுற்றிலும் தேர்ந்தெடுத்தது இருந்தவற்றிலேயே அலங்காரம் குறைந்த, விலையும் குறைந்த ஒன்று. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, மனசுக்குள் ஏற்கெனவே வேறொன்றை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

இன்னொன்று, சத்தமான கிட்டார் எப்போதும் நல்ல கிட்டாராகத் தோன்றும். இரண்டை ஒப்பிடும்போது சத்தம் குறைந்ததைக் கொஞ்சம் பலமாக மீட்டி இரண்டையும் சமமாக்கிவிட்டு முடிவெடுங்கள். முடிந்தால் ஜமுக்காளமோ சோபாவோ உள்ள அறைக்கு எடுத்துப் போய்க் கேளுங்கள், வெற்றுச் சுவர் எந்தப் பெட்டிக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிடும்.

கொடுக்கும் பணத்துக்குத் தகுமா

அட்டையில் உள்ள விலையோடு புதுத் தந்தி ஒரு செட், சேடில், நட் சரிசெய்யும் கூலி, கிட்டாரை வைக்க நல்ல பெட்டி மூன்றையும் கூட்டினால் வருவதுதான் உண்மை விலை. இரண்டு கிட்டார்களை இந்த மொத்தத்தில் ஒப்பிடுங்கள். ஆக்ஷன் சரியாக இருக்கும் விலை அதிகமான கிட்டாரும், சரிசெய்ய வேண்டிய விலை குறைவான கிட்டாரும் சில நேரம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

பிக்கப், அதாவது ஓசையை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் மின்கருவி, பொருத்தியது வேண்டுமா என்று கேட்பார்கள். மேடையில் ஏறப் போவதில்லை என்றால் வேண்டாம், அந்தப் பணம் மேல்பலகையிலிருந்து திருடப்பட்டது.

'பிரேசில் ரோஸ்வுட்' என்று இந்த விலையில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்த மரம் 1992-இலிருந்து, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை உள்ள பட்டியலில் இருக்கிறது. தொழிற்சாலைக் கிட்டார்களில் வருவது பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், அதுவே அருமையான மரம்தான். மஹாகனி முதுகு விலை குறைவு, ஓசை கொஞ்சம் வறட்சியாகவும் நேராகவும் இருக்கும், எனக்குப் பிடிக்கும்.

பழைய கிட்டார் வாங்கத் தயங்காதீர்கள். நடுத்தர விலையில் சிறந்த பேரம் அங்கேதான் கிடைக்கிறது, நெக் வளைய வேண்டியிருந்தால் இதற்குள் வளைந்திருக்கும், நீங்கள் பார்ப்பது முடிவான உருவம். மேல்பலகையில் விரிசல் இருந்தால் உள்ளே டார்ச் அடித்து, ஒட்டித் தாங்கு கட்டை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஒழுங்காக ஒட்டியது பல ஆண்டு நிற்கும். யாராவது ஸ்டீல் தந்தி போட்டு வைத்திருந்தால் மட்டும் தொடாதீர்கள். நைலானின் 40 கிலோ இழுப்புக்குச் செய்த பலகை 70 கிலோவுக்கு மேல் தாங்கியிருக்கிறது, எங்கே என்ன பெயர்ந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரியும்.

நேரில் பார்க்காமல் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள், அனுப்பும் செலவு யாருடையது என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடியோவில் கேட்டு முடிவெடுப்பது புகைப்படத்தைப் பார்த்து வாசனை சொல்வது மாதிரி, மைக்கும் அறையும்தான் பாதி பாடும். ஒரே மாடலில் இரண்டு கிட்டார்கூட வேறு வேறாக ஒலிக்கும், ஏனென்றால் இரண்டு மரத்துண்டு ஒன்றாக இருப்பதில்லை.

வீட்டுக்கு வந்தபின் முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் புதுத் தந்தி போடுங்கள். நைலான் நான்கைந்து நாள் இழுத்துக்கொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நின்றதும் மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் உங்கள் அறையில் இன்னொரு முறை செய்யுங்கள். முழு மரக் கிட்டாருக்குக் காற்றின் ஈரப்பதம் 45-இலிருந்து 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது. சின்ன ஈரமானி ஒன்றைக் கிட்டாரை வைக்கும் பெட்டிக்குள் போட்டு வைத்தால் விரிசல் வரும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

புதுத் தந்தி போட்டதும் எங்கிருந்தோ 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தால் அவசரப்பட்டு உள்ளே மேல்பலகையைத் தாங்கும் குச்சி பெயர்ந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். என் மூன்றாவது கிட்டாரில், இத்தனை சோதனைக்கும் பிறகு வாங்கியதில், நான்காம் தந்தியை மீட்டும்போதெல்லாம் அப்படி ஒரு இரைச்சல். இரண்டு நாள் தூக்கமில்லை, திருப்பிக் கொடுப்பதற்கான கடிதம்கூட எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது, பிரிட்ஜில் கட்டிய தந்தியின் வால் ஒரு விரற்கடை நீளத்துக்கு நீட்டிக்கொண்டு மேல்பலகையை முடி போலத் தொட்டுக்கொண்டிருந்தது. நகவெட்டியால் நறுக்கினேன், நின்றுவிட்டது.